இணைந்து பிரியும் நிறப்புரிகள்

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வரை ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். மூத்தவளுக்குப் பாட்டியின் மூக்கு வாய்த்திருக்கும். அடுத்தவன் தந்தையை உரித்து வைத்தாற்போல் இருப்பான். மூன்றாமவனிடம் தாய்மாமனின் சாயல் தெரியும். கடைக்குட்டியோ யாரைப் போலவும் இல்லாமல் தனி முகத்தோடு நிற்பாள். பெற்றோர் அவர்களே; வளர்ந்த வீடும் ஒன்றே. பின் ஏன் இந்த வேறுபாடு?

இதனோடு ஒட்டிய மற்றொரு வினாவும் உண்டு. பிறக்கப்போவது ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது எது? விடை தெரியாத காலத்தில், பெண் மக்களையே பெற்றாள் என்பதற்காக எத்தனையோ தாய்மார் புகுந்த வீட்டில் வசை கேட்டனர். கணவன் இரண்டாந்தாரம் தேடிக்கொள்வதைக் கண்ணீரோடு பார்த்திருந்தவர்களும் உண்டு. விடை தெரிந்த பின்னும் அவ்வசை முற்றாக ஓய்ந்துவிடவில்லை.

இவ்விரு வினாக்களுக்குமான விடையின் பெரும் பகுதி, விந்தணுக்களை ஆக்கும் உயிரணுக்களின் உள்ளே நடைபெறும் ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. அங்கே குரோமோசோம்கள் எனப்படும் நிறப்புரிகள் இரண்டிரண்டாக இணைகின்றன; தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன; பின்னர்ப் பிரிந்து வெவ்வேறு அணுக்களுக்குச் செல்கின்றன. இதற்குக் குன்றற்பகுப்பு என்று பெயர். எண்ணிக்கை குன்றுவதால் இப்பெயர் வந்தது. இதனை மனிதன் படிப்படியாகக் கண்டறிந்த வரலாறு, அறிவுத் தேடலின் சிறப்பையும் அதில் நேரும் சறுக்கல்களையும் ஒருங்கே காட்டும் வரலாறாகும். ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்கத் தக்க அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

வணிகர் கண்ட நுண்ணுயிர்கள்

ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்தவர் அந்தோணி வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகம் எதிலும் அவர் பயின்றதில்லை. தம் கையாலேயே கண்ணாடி வில்லைகளைத் தீட்டி நுண்ணோக்கிகள் செய்துகொண்டார். 1677ஆம் ஆண்டில், ஹாம் என்னும் மருத்துவ மாணவர் அவரிடம் விந்து நீரைக் கொண்டுவந்து காட்டினார். அதனுள் வாலோடு கூடிய சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி நீந்துவதை லீவன்ஹூக் கண்டார். இலண்டன் அரசக் கழகத்துக்கு அச்செய்தியை எழுதியபோது, இது கற்றோரின் மனத்துக்கு அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டா என்றும் அவர் கேட்டுக்கொண்டார்.

கண்டது உண்மை, ஆனால் அதற்குப் பொருள் கூறுவதில் கற்பனை முந்திக்கொண்டது. 1694ஆம் ஆண்டில் ஹார்ட்சோகர் என்பார், விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் குட்டி மனிதன் ஒருவனைப் படமாக வரைந்தார். அப்படிக் கண்டதாக அவர் கூறவில்லை. அப்படி இருக்கக்கூடும் என்றே கருதினார். எனினும் அப்படம் பரவியது. தந்தையிடமிருந்து முழு மனிதனே வருகிறான், தாய் வெறும் விளைநிலமே என்னும் எண்ணத்துக்கு அது துணை நின்றது. முட்டைக்குள்தான் குழந்தை அடங்கியிருக்கிறது என்று வாதிட்ட எதிரணியினரும் இருந்தனர். இரு சாராரும் தத்தம் கட்சியை விடாது பற்றி நின்றனர்.

விந்தணு என்பது தனி உயிரன்று, உடலின் உயிரணுக்களிலிருந்தே பிறப்பது என்பதை 1841ஆம் ஆண்டில் கோலிக்கர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் எடுத்துக்காட்டினார். விந்தகத்தில் உள்ள அணுக்கள் உருமாறியே விந்தணுக்கள் ஆகின்றன என்று தெளிவான பின்னரே, அவ்வணுக்களுக்குள் என்ன நடக்கிறது என்று வினவ வழி பிறந்தது.

சாயம் காட்டிய இழைகள்

உயிரணுவின் உட்பகுதி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக்கூடியது. நுண்ணோக்கி எத்துணைச் சிறந்ததாயினும் நிறமற்ற பொருளில் எதைக் காண்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிய செயற்கைச் சாயங்கள் இக்குறையைத் தீர்த்தன. சாயமிட்ட அணுவின் உட்கருவில் சில பகுதிகள் மட்டும் நிறத்தை ஆழமாக ஏற்றன. செருமானிய அறிஞர் வால்தர் பிளெமிங், நீரிலும் நிலத்திலும் வாழும் சாலமாண்டர் என்னும் உயிரியின் அணுக்களைச் சாயமிட்டு ஆராய்ந்தார். அணு பிரியும்போது இழைகள் தோன்றுவதையும், ஒவ்வோர் இழையும் நெடுக்காகப் பிளந்து இரண்டாவதையும், அவ்விரண்டும் இரு புதிய அணுக்களுக்குச் செல்வதையும் 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். உடல் வளரும்போது நிகழும் பகுப்பு இதுவே. இழைகளுக்குக் குரோமோசோம் என்னும் பெயரை 1888ஆம் ஆண்டில் வழங்கியவர் வால்டையர். நிறமேற்கும் உடல் என்பது அதன் பொருள். நிறப்புரி என்னும் தமிழ்ச்சொல்லும் இப்பொருள் பற்றி அமைந்ததே.

இதற்கிடையில், 1883ஆம் ஆண்டில் பெல்சியத்து அறிஞர் எட்வார்டு வான் பெனெடன் ஓர் அரிய உண்மையைக் கண்டார். குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவை அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அதன் நிறப்புரிகள் பெரியவை. எண்ணிக்கையிலோ மிகச் சிலவே. கருவுற்ற முட்டையில் நான்கு நிறப்புரிகள் இருந்தன. அவற்றுள் இரண்டு முட்டையிலிருந்தும் இரண்டு விந்தணுவிலிருந்தும் வந்தவை. தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சரிநிகர் என்பதை ஒரு புழுவின் முட்டை மெய்ப்பித்துவிட்டது. விந்துக்குள் குந்தியிருந்த குட்டி மனிதனுக்கும், முட்டைக்குள் அடங்கியிருந்த குழந்தைக்கும் அன்றே இடமில்லாது போயிற்று.

பாதியாகும் கணக்கு

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த நிறப்புரிகள் குழந்தையில் ஒன்று சேர்கின்றன என்றால், தலைமுறைதோறும் அவை இரட்டிக்க வேண்டுமே! மனித உடலணு ஒன்றில் 46 நிறப்புரிகள் உண்டு. குறைக்கும் வழி ஒன்றும் இல்லையெனில், மகனுக்கு 92, பெயரனுக்கு 184 எனப் பெருகிப் பத்தாம் தலைமுறையில் 47,104 ஆகிவிடும். இயற்கையில் அவ்வாறு நிகழவில்லை. ஓர் இனத்தின் எண்ணிக்கை மாறாது நிற்கிறது. எனவே விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது எண்ணிக்கை பாதியாகக் குறைந்தே தீர வேண்டும் என்று 1887ஆம் ஆண்டில் வாதிட்டார் ஆகஸ்டு வைசுமன். பிரைபர்க்கு நகரில் பேராசிரியராய் இருந்த அவருக்குக் கண்பார்வை நலிந்திருந்தது. நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்க்க இயலாத நிலையில், சிந்தனையின் துணைகொண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார்.

அவர் எதிர்பார்த்ததைக் கண்ணால் கண்டவர்கள் பலர். 1890ஆம் ஆண்டில் ஆஸ்கர் ஹெர்ட்விக், அதே குதிரைப் புழுவில் விந்தணு உருவாவதையும் முட்டை உருவாவதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். விந்துத் தாயணு ஒன்று அடுத்தடுத்து இருமுறை பிரிந்து நான்கு விந்தணுக்களைத் தருகிறது. முட்டைத் தாயணுவும் அவ்வாறே இருமுறை பிரிகிறது. ஆனால் அங்கே ஒன்றே பெரிய முட்டையாகி, ஏனையவை சிறு துணுக்குகளாக ஒதுங்கிவிடுகின்றன. இரு வழிகளிலும் கணக்கு ஒன்றே. நிறப்புரிகள் ஒருமுறை படியெடுக்கப்படுகின்றன; அணுவோ இருமுறை பிரிகிறது. ஆகவே இறுதியில் பாதி எஞ்சுகிறது.

இவ்விடத்தில், இவ்வாராய்ச்சிகளுள் பல ஏன் ஆண் உயிரியின் விந்தகத்தில் நடைபெற்றன என்று மாணவர் கேட்கலாம். காரணம் எளிது. முட்டைகள் சிலவே, கருவுணவு நிறைந்து பருத்தவை. மனிதப் பெண்ணிலோ முட்டைத் தாயணுக்களின் குன்றற்பகுப்பு அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, இடையில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. விந்தகத்தில் நிலைமை வேறு. பருவம் எய்தியது முதல் அங்கே பணி ஓய்வதில்லை. தொடக்க நிலை, நடுநிலை, இறுதி நிலை என எல்லா நிலைகளிலும் உள்ள அணுக்களை ஒரே வேளையில் ஆயிரக்கணக்கில் காணலாம். வெட்டுக்கிளியின் விந்தகக் குழாய்களில் அவை வரிசையாகவே அமைந்திருக்கின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்வையை நகர்த்தினால், ஒரு கதையின் பக்கங்களைப் புரட்டுவது போல நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து படிக்கலாம்.

அப்பக்கங்களுக்கு 1900ஆம் ஆண்டையொட்டி வினிவார்ட்டர் என்பவர் பெயர்கள் சூட்டினார். நிறப்புரிகள் மெல்லிய நூல்களாய்க் கிடக்கும் நிலை, இரண்டிரண்டாய் நெருங்கிச் சேரும் நிலை, சேர்ந்து தடித்த நிலை, இரட்டைகளாய் விலகத் தொடங்கும் நிலை என அவை அமைந்தன. எண்ணிக்கை குறைவதைக் கருதி, குறைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இந்நிகழ்ச்சி முழுமைக்கும் பெயரிட்டவர்கள் ஃபார்மர், மூர் என்னும் இருவர், ஆண்டு 1905.

வெட்டுக்கிளி உரைத்த உண்மை

சேர்பவை எவை? எந்த நிறப்புரி எதனோடு சேர்கிறது? அமெரிக்க அறிஞர் மாண்ட்காமெரி, பூச்சிகள் பலவற்றின் விந்தணுவாக்கத்தை ஆராய்ந்து, தந்தைவழி வந்த நிறப்புரி ஒன்றும் தாய்வழி வந்த நிறப்புரி ஒன்றுமே இணைகின்றன என்று 1901ஆம் ஆண்டில் கூறினார். அவை பக்கம் பக்கமாகச் சேர்கின்றனவா, முனையோடு முனையாகச் சேர்கின்றனவா என்பது பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். பக்கம் பக்கமாகச் சேர்வதே உண்மை எனப் பிற்காலத்தில் முடிவாயிற்று.

மாண்ட்காமெரி கண்டதன் முழுப்பொருளை உணர்ந்தவர் ஓர் இளைஞர். வால்டர் சட்டன் என்பது அவர் பெயர். கான்சசு மாநிலத்தில் உழவர் குடும்பத்தில் வளர்ந்தவர். மெக்ளங் என்னும் ஆசிரியரிடம் விலங்கியல் பயின்றார். கோடை விடுமுறையில் தம் தந்தையாரின் பண்ணையில் பெரிய வெட்டுக்கிளிகளைப் பிடித்து, அவற்றின் விந்தகங்களைப் பதப்படுத்தினார். பின்னர் நியூயார்க்கு நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்சன் என்னும் பேராசிரியரிடம் ஆய்வைத் தொடர்ந்தார்.

அவ்வெட்டுக்கிளியின் ஆணில் 23 நிறப்புரிகள் இருந்தன. அவற்றை அளவுப்படி அடுக்கிய சட்டன், பெரியது முதல் சிறியது வரை 11 இணைகளும், இணையில்லாத் தனி நிறப்புரி ஒன்றும் இருப்பதைக் கண்டார். ஒவ்வோர் இணையும் தலைமுறைதோறும் தன் அளவு மாறாது திரும்பத் தோன்றியது. ஆகவே நிறப்புரி ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி அடையாளம் உடையது. இணைகள் சேர்ந்து, பின் பிரிந்து, ஒவ்வொரு விந்தணுவுக்கும் இணைக்கு ஒன்று வீதம் செல்கின்றன.

இவ்வேளையில் உலகம் மற்றொரு புதையலைக் கண்டெடுத்திருந்தது. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து கிரகோர் மெண்டல் என்னும் துறவி 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட மரபு விதிகள், கவனிப்பாரற்றுக் கிடந்து 1900ஆம் ஆண்டில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. ஒவ்வொரு பண்புக்கும் இரு கூறுகள் உண்டு. அவை பிரிந்து ஒவ்வொன்றாகவே பிள்ளைக்குச் செல்லும் என்பது மெண்டலின் கணக்கு. அக்கூறுகள் எங்கே இருக்கின்றன என்பதை அவர் அறியார். வெட்டுக்கிளியின் அணுக்களில் தாம் கண்ட இணைதலும் பிரிதலும், மெண்டலின் கணக்கோடு அப்படியே பொருந்துவதைச் சட்டன் உணர்ந்தார். 1902, 1903ஆம் ஆண்டுகளில் இரு கட்டுரைகளாக அதனை எழுதினார். மஞ்சள் நிற நாய் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்பது தமக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் வந்து சொன்னபோது, அதன் முழுக் கருத்தும் தமக்கு உடனே விளங்கவில்லை என்று வில்சன் பின்னாளில் மனம் திறந்து எழுதினார். மாணவர் ஆசிரியரை முந்தியதை ஆசிரியரே பதிவு செய்த பெருந்தன்மை அது. அக்காலத்திலேயே செருமனியில் தியோடர் பொவேரியும், கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கொண்டு, ஒவ்வொரு நிறப்புரிக்கும் தனிப்பணி உண்டு என்று காட்டினார். எனவே இருவர் பெயராலும் இக்கொள்கை வழங்குகிறது.

சட்டன் தம் இருபத்தைந்தாம் அகவையை ஒட்டி இதனைச் செய்தார். பின்னர் மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். 1916ஆம் ஆண்டில், முப்பத்தொன்பதாம் அகவையில், குடல்வால் நோயினால் மறைந்தார்.

ஓர் இணையின் எந்த உறுப்பு எந்தப் பக்கம் செல்லும் என்பது, பிற இணைகளைச் சாராமல் தற்செயலாக அமைகிறதா? இதனை நேரே கண்ணால் காட்டியவர் எலினார் கரோதர்சு என்னும் பெண்மணி. வெட்டுக்கிளியில் ஓர் இணையின் இரு உறுப்புகளும் அளவில் வேறுபட்டிருப்பதை அவர் கண்டார். 1913ஆம் ஆண்டில், 300 அணுக்களை எண்ணிப் பார்த்தார். இணையற்ற தனி நிறப்புரி செல்லும் பக்கமே சிறிய உறுப்பும் சென்றவை ஏறத்தாழப் பாதி. மாறிச் சென்றவை ஏறத்தாழப் பாதி. காசைச் சுண்டிப் பார்ப்பது போன்ற நடுநிலை அது. மனிதனில் 23 இணைகள். ஒவ்வொன்றும் இவ்வாறு இருவழிகளில் பிரியலாம் எனின், ஒருவருடைய விந்தணுக்களில் அமையக்கூடிய வகைகள் 8,388,608. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு முகத்தோடு பிறப்பதில் இனி வியப்பென்ன?

ஆணா, பெண்ணா?

இணையில்லாத அந்த ஒற்றை நிறப்புரியை முதலில் கண்டவர் செருமானியர் ஹெங்கிங். 1891ஆம் ஆண்டில் ஒரு வகைப் பூச்சியின் விந்தணுக்களுள் பாதிக்கு மட்டுமே அது செல்வதைக் கண்டு, இன்னதென்று விளங்காமையால் எக்ஸ் என்று குறித்து வைத்தார். பாலைத் தீர்மானிப்பது அதுவே என்று மெக்ளங் 1901, 1902ஆம் ஆண்டுகளில் துணிந்து உரைத்தார். ஆனால் அதைப் பெற்ற விந்தணு ஆணைத் தரும் என்று அவர் தலைகீழாகக் கருதிவிட்டார்.

உண்மையைத் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர் நெட்டி ஸ்டீவன்சு. 1861ஆம் ஆண்டில் பிறந்த அவர், பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, முப்பத்தைந்தாம் அகவையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாய்ச் சேர்ந்தவர். மாவில் வாழும் வண்டினத்தின் புழுக்களை அவர் ஆராய்ந்தார். பெண்ணின் அணுக்களில் பெரிய நிறப்புரிகள் 20. ஆணின் அணுக்களிலோ பெரியவை 19, மிகச் சிறியது ஒன்று. விந்தணுக்கள் உருவாகும்போது பாதிக்குப் பெரியது செல்கிறது. பாதிக்குச் சிறியது செல்கிறது. பெரியதைக் கொண்ட விந்தணு சேர்ந்தால் பெண். சிறியதைக் கொண்டது சேர்ந்தால் ஆண். 1905ஆம் ஆண்டில் விந்தணுவாக்கம் பற்றிய தம் ஆய்வில் அவர் இதனை வெளியிட்டார். வில்சனும் அதே ஆண்டில் இக்கருத்துக்கு வந்தார். நெடுங்காலம் புகழ் வில்சனுக்கே மிகுதியாகச் சென்றது. ஸ்டீவன்சு 1912ஆம் ஆண்டில், ஐம்பதாம் அகவையில், மார்புப் புற்றுநோயால் மறைந்தார்.

மனிதனிலும் இவ்வாறே. தாயின் முட்டை எப்போதும் எக்ஸ் நிறப்புரியையே தருகிறது. தந்தையின் விந்தணு எக்ஸ் தரலாம், ஒய் தரலாம். பிள்ளை ஆணா, பெண்ணா என்னும் வேறுபாடு தந்தையின் விந்தகத்தில், இணை பிரியும் நொடியில் பிறக்கிறது. அதுவும் தற்செயலாக நிகழ்வதால் தந்தையையும் குறை கூறுவதற்கில்லை. பெண் மக்களைப் பெற்றதற்காக ஒரு பெண்ணைப் பழித்த நாவுகள் எல்லாம், தாம் அறியாததைப் பழித்தன.

குறுக்கே பின்னிய இழைகள்

இணைந்த நிறப்புரிகள் வெறுமனே அருகில் நின்றுவிட்டுப் பிரிகின்றனவா? பெல்சியத்தின் லூவன் நகரில் பேராசிரியராய் இருந்த கத்தோலிக்கத் துறவி யான்சென்சு, சாலமாண்டரின் விந்துத் தாயணுக்களை உற்று நோக்கினார். விலகத் தொடங்கிய இணைகள் சிற்சில இடங்களில் கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல ஒன்றையொன்று குறுக்கே கடந்து நின்றன. அவ்விடங்களில் தந்தைவழி இழையும் தாய்வழி இழையும் அறுந்து, ஒன்றன் துண்டு மற்றொன்றோடு ஒட்டிக்கொள்கிறது என்று அவர் 1909ஆம் ஆண்டில் எழுதினார். இழைகள் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைக் கண்டு அவர் ஏமாந்தார் என்று பலர் ஐயுற்றனர்.

அவர் கருத்தை ஏற்றுப் பயன்கொண்டவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துத் தாமசு ஹண்ட் மார்கன். பழ ஈக்களை வளர்த்து மரபியல் ஆய்ந்த அவர், ஒரே நிறப்புரியில் உள்ள பண்புகள் பெரும்பாலும் சேர்ந்தே சென்றாலும் சிற்சில வேளைகளில் பிரிவதைக் கண்டார். யான்சென்சு கூறிய துண்டு மாற்றமே அதற்குக் காரணம் என்று 1911ஆம் ஆண்டில் விளக்கினார். இரு கூறுகள் தொலைவில் இருந்தால் அடிக்கடி பிரியும். அருகில் இருந்தால் அரிதாகவே பிரியும். இக்கருத்தைப் பற்றிக்கொண்ட ஸ்டர்ட்டெவன்ட் என்னும் இளம் மாணவர், பள்ளிப்பாடத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு ஓரிரவு கண்விழித்து உழைத்து, உலகின் முதல் மரபணு வரைபடத்தை உருவாக்கினார். அது 1913ஆம் ஆண்டில் அச்சேறியது.

வியப்பு என்னவெனில், ஆண் பழ ஈயில் இத்துண்டு மாற்றம் நிகழ்வதே இல்லை. பெண் ஈயில்தான் நிகழ்கிறது. 1912ஆம் ஆண்டில் மார்கனே இதனைக் கண்டார். ஓர் உயிரியில் கண்டதை எல்லா உயிர்களுக்கும் ஏற்றிக் கூறலாகாது என்பதற்கு இதுவே சான்று. துண்டு மாற்றம் மெய்யாகவே நிகழ்கிறது என்பதை 1931ஆம் ஆண்டில் மக்காச்சோளத்தைக் கொண்டு கிரெய்ட்டன், பார்பரா மெக்ளின்டாக் என்னும் பெண்கள் இருவரும், பழ ஈயைக் கொண்டு ஸ்டெர்னும் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தனர். யான்சென்சு அதனைக் காண உயிரோடில்லை; 1924ஆம் ஆண்டிலேயே காலமாகியிருந்தார்.

நாற்பத்தெட்டு என்னும் பிழை

இனி, ஆசிரியப் பெருமக்கள் நின்று சிந்திக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன்.

மனிதனின் நிறப்புரிகள் எத்தனை? டெக்சாசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெயின்டர் என்னும் திறமை மிக்க ஆய்வாளர், மனநல மருத்துவமனை ஒன்றில் இருந்தோரிடமிருந்து அறுவை செய்து அகற்றப்பட்ட விந்தகத் திசுக்களைச் சீவி ஆராய்ந்தார். நிறப்புரிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடந்தமையால் எண்ணுவது கடினமாயிற்று. தொடக்கத்தில் 46, 48 என்னும் இரண்டுக்கும் இடையே அவர் தயங்கினார். இறுதியில் 1923ஆம் ஆண்டில் 48 என்று முடிவு கட்டினார். பிறரும் அவ்வாறே எண்ணினர். பாடநூல்கள் அதனை ஏற்றன. வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கற்பித்தனர். தேர்வுகளில் மாணவர்கள் எழுதினர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பிழை ஆட்சி செய்தது.

அதனைத் திருத்தியவர் நம் அண்டை மண்ணில் பிறந்தவர். சாவகத் தீவின் பெக்கலோங்கானில், சீனக் குடும்பத்தில், 1919ஆம் ஆண்டில் பிறந்த ஜோ ஹின் சியோ என்பவரே அவர். போகோரில் வேளாண்மை பயின்று, உருளைக்கிழங்குப் பயிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிறைப்பட்டு மூன்றாண்டுகள் கொடுமைக்கு உள்ளானார். போர் முடிந்ததும் கப்பலேறி ஐரோப்பா சென்று, ஸ்பெயினில் பணியேற்றார். விடுமுறைகளில் சுவீடனின் லுண்ட் நகருக்குச் சென்று, லெவன் என்னும் அறிஞரின் ஆய்வகத்தில் உழைத்தார். நிறப்புரிகளை விலகிப் பரவச் செய்யும் புதிய முறைகளைக் கையாண்டு, மனிதக் கருவின் நுரையீரல் அணுக்களை 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓரிரவு அவர் நோக்கியபோது, எண்ணிக்கை தெளிவாக 46 என வந்தது. 1956ஆம் ஆண்டில் இருவரும் அதனை வெளியிட்டனர்.

அக்கட்டுரையில் ஒரு குறிப்பு உண்டு. அவர்களுக்கு முன்னரே, அங்கிருந்த வேறு சில ஆய்வாளர்கள் மனிதக் கருவின் கல்லீரல் அணுக்களில் திரும்பத் திரும்ப 46 என்றே எண்ணியிருக்கின்றனர். ஆனால் நூல் கூறும் 48 கிடைக்கவில்லையே என்று எண்ணி ஆய்வையே நிறுத்திவிட்டனர். உண்மை அவர்கள் கண்முன் இருந்தது. அச்சடித்த எண்ணின்மீது கொண்ட நம்பிக்கை அதனை மறைத்துவிட்டது.

அதே 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்வெல் நகரில் ஃபோர்டு, ஹாமர்டன் என்னும் இருவர், மனித விந்துத் தாயணுக்களில் இணைந்து நிற்கும் நிறப்புரிகளை எண்ணினர். இணைகள் 23. ஆகவே மொத்தம் 46. எந்த விந்தகத்தில் பிழை பிறந்ததோ, அதே விந்தகத்து அணுக்களே சியோவின் எண்ணுக்குச் சான்று கூறின.

ஏணியும் வெட்டும்

இணைகளைப் பிடித்து நிறுத்துவது எது? இவ்வினாவுக்கும் 1956ஆம் ஆண்டே முதல் விடையைத் தந்தது. மின்னணு நுண்ணோக்கியின் துணைகொண்டு மோசசு என்பவர் நன்னீர் இறால் வகை ஒன்றின் விந்துத் தாயணுக்களையும், ஃபாசெட் என்பவர் புறா, பூனை, மனிதன் ஆகியவற்றின் விந்துத் தாயணுக்களையும் தனித்தனியே ஆராய்ந்தனர். இணைந்த நிறப்புரிகளுக்கு நடுவே புரதத்தாலான ஏணி போன்ற அமைப்பை இருவரும் கண்டனர். ஏணியின் இரு மரங்களைப் போல இரு நிறப்புரிகள் நிற்கின்றன. அவற்றின் இடைவெளி மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

துண்டு மாற்றம் எவ்வாறு தொடங்குகிறது என்பது 1997ஆம் ஆண்டில் துலங்கியது. ஈஸ்டு என்னும் நுண்ணுயிரில், ஸ்போ 11 என்னும் புரதம் மரபிழையின் இரு புரிகளையும் தானே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனை, தன்னைச் சரிசெய்துகொள்ளத் தன் இணையைத் தேடிச் செல்கிறது. இத்தேடலே எலி, மனிதன் முதலிய உயிர்களில் இணைகள் ஒன்றையொன்று அடையாளம் காணத் துணை செய்கிறது. அப்புரதம் இல்லாத எலிகளில் நிறப்புரிகள் முறையாக இணைவதில்லை. விந்துத் தாயணுக்கள் பாதிவழியில் மடிந்துவிடுகின்றன. அவ்வெலிகள் மலடாகின்றன என்று 2000ஆம் ஆண்டில் அறியப்பட்டது. காயப்பட்ட பின்னரே உறவைக் கண்டுகொள்ளும் இவ்விந்தை எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

மனித விந்துத் தாயணு ஒன்றில் இத்தகைய குறுக்கு மாற்றங்கள் ஏறத்தாழ 50 நிகழ்கின்றன. இணை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒன்றேனும் வேண்டும். அது இல்லையேல் இணைகள் ஒழுங்காகப் பிரிவதில்லை. எக்ஸும் ஒய்யும் அளவில் பெரிதும் வேறுபட்டவை. எனவே தம் நுனிகளில் உள்ள சிறு பகுதியில் மட்டுமே பற்றிக்கொள்கின்றன. பிரிவதில் பிழை நேர்ந்தால், விந்தணுவிலோ முட்டையிலோ ஒன்று கூடும் அல்லது குறையும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு நிறப்புரி ஒன்று கூடுதலாக இருப்பதை 1959ஆம் ஆண்டில் லெசூன் முதலியோர் கண்டறிந்தனர்.

முடிவுரை

டெல்ஃப்டின் துணி வணிகர் முதல் சாவகத்துச் சியோ வரை, இவ்வரலாற்றில் பங்கு கொண்டோர் பலதிறப்பட்டவர்கள். உழவர் மகன் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், துறவிகள் இருவர், சிறை மீண்டவர் ஒருவர். புழுவும் வண்டும் வெட்டுக்கிளியும் அவர்களுக்குப் பாடநூல்களாயின. பதவியும் பட்டமும் பலரிடம் பின்னரே வந்தன; பொறுமையும் கூர்ந்த நோக்கும் முதலிலேயே இருந்தன.

மாணவர்களே! உங்கள் உடலின் ஒவ்வோர் அணுவிலும் தாயும் தந்தையும் இணையிணையாய்ச் சரிபாதி நிற்கின்றனர். குலத்தைச் சொல்லிப் பெருமை பேசுவோரிடமும், பெண்ணைப் பெற்றவளைப் பழிப்போரிடமும் இவ்வுண்மையை அமைதியாக எடுத்துரையுங்கள்.

ஆசிரியர்களே! நாம் கற்பிக்கும் நூலிலும் ஒரு 48 ஒளிந்திருக்கக்கூடும். நம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நான் எண்ணினால் 46தானே வருகிறது?" என்று கேட்டால், அவனை உட்காரச் சொல்லுமுன் நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.